பதினேழாவது ரெஃபரன்ஸ்

கமா எங்க வெக்கணும், புள்ளி எங்க வெக்கணும்னு பார்க்கறதுக்குத்தானுங்க மேடம் எனக்குச் சம்பளமே. கேக்கறவங்க சிரிப்பாங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். கோயமுத்தூர்ல இருந்து புனேக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாச்சு. அதுல பதினெட்டு வருஷம் கடக்வாஸ்லா ரோட்டுல இருக்கற அந்த இன்ஜினியரிங் காலேஜ்ல இதே வேலை. புரொஃபசருங்க ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவாங்க. எந்தெந்தப் பழைய கட்டுரையை நம்பி எழுதினாங்கன்னு கடைசியில ஒரு பட்டியல் வரும். அதைத்தான் ரெஃபரன்ஸ்ங்கறது. அதை ஜர்னல்காரங்க கேக்கற மாதிரி ஒழுங்கு பண்ணிக் குடுக்கறவன் நானு.

நேத்து உங்க ஸ்டேஷன் ஆளுங்க ஹிந்தியில கேட்டாங்க. ‘மாலூம் நஹி’, தெரியாதுன்னுபோட்டேன். நீங்க தமிழ்ல, அதுவும் சுந்தரமூர்த்தி சார்னு மரியாதையாக் கேட்டீங்க. அதனால முழுசாச் சொல்லிப்போடறேன்.

செத்துப்போன ஜெபகுமார் ரொம்ப நல்ல மனுஷனுங்க. நாகர்கோயில்காரரு, முப்பத்தோரு வயசு. லேப்ல சோதனையெல்லாம் அவருதான். மேல கான்கிரீட் உத்தரத்துல பதிச்ச இரும்புக் கொக்கி எத்தனை டன் தாங்கும்ங்கறது அவரோட ஆராய்ச்சி. ஔந்த் ஏரியாவுல எங்க அபார்ட்மென்ட்டுக்கு அடுத்த சொசைட்டிதான் அவரு வீடு. தெனமும் காலையில அவரு பைக்லதான் என்னையும் கூட்டிட்டுப் போவாரு. மழைக்காலத்துல எனக்கும் சேர்த்து ரெயின்கோட் கொண்டு வருவாரு. சம்சாரம் லலிதா. பொண்ணு அம்மு, நாலு வயசு. அது என்னைக் ‘கமா மாமா’ன்னு கூப்பிடும். அவங்கப்பா சொல்லிக் குடுத்தது. எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்லைங்க.

ஜூன் மாசம் எங்க துறைத்தலைவர் லக்ஷ்மிநாராயணன் சார் ரூம்ல வெச்சு ஜெபகுமார் லேப்டாப்பைத் திறந்து ஒரு பட்டனைத் தட்டினாரு. நாப்பத்திரண்டு ரெஃபரன்ஸும் வரிசையா வந்து விழுந்துச்சு. எனக்கு அது நாலு நாள் வேலை. “அண்ணன் ஏன் கெடந்து கஷ்டப்படணும் சார், இதையெல்லாம் யாரு படிக்கா”ன்னாரு. பாசத்துலதான் சொன்னாரு, அது எனக்குத் தெரியும். அடுத்த வாரம் எனக்கு லெட்டர் வந்துச்சு, டிசம்பரோட போதும்னு. ஜெபகுமார் பதறிப்போயிட்டாரு. எனக்காக சார்கிட்டப் போய்ச் சண்டைகூடப் போட்டாரு. ஆனா ‘யாரு படிக்கா’ன்னாரு பாருங்க, அதுக்குத்தான் எனக்கு வயிறு எரிஞ்சுது. பதினெட்டு வருஷமா நான் படிச்சிருக்கறனுங்களே.

அவரோட கொக்கிக் கட்டுரையை ஜர்னல்ல ஏத்துக்கிட்டாங்க. ரெஃபரன்ஸை மட்டும் கடைசியா ஒருக்கா பார்க்கச் சொல்லி என்கிட்டயே குடுத்தாரு சாரு. நான் சும்மா கமா புள்ளி பார்த்துட்டு விடறவன் இல்லைங்க. ஒவ்வொரு கட்டுரையையும் தேடி எடுத்து, தலைப்பு, பக்கம், வருஷம் எல்லாத்தையும் ஒத்துப் பார்ப்பேன். பதினேழாவதுல வந்து நின்னேன். அந்த மாதிரிக் கொக்கி ஆறு டன் தாங்கும்னு அதுல ஒரு அட்டவணை. ஜெபகுமார் மொத்தமா நம்பினது அந்த அட்டவணையைத்தான். ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஜர்னல்ல அரைப்பக்கம் திருத்தம் போட்டிருக்காங்க. ஆறு டன்னுன்னு அச்சானது தப்பு, நாலுன்னு படிக்கணுமாம்.

மெஷின் குடுத்த பதினேழுல இந்தத் திருத்தம் இல்லைங்க. நான் குடுத்த பதினேழுல இருந்துச்சு. ‘அட்டவணை மூன்றுக்குத் திருத்தம்’னு வருஷம், பக்கத்தோட சேர்த்தேன். நான் மறைச்சேன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. இப்பவும் அச்சுல இருக்குது, எடுத்துப் பாருங்க.

பிரிண்ட் எடுத்து ஜெபகுமார் மேஜையில வெச்சுட்டுப் பக்கத்துலயே நின்னேன். “ஒருக்கா படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க தம்பி”ன்னேன். “நீங்க பாத்தா சரிதான் அண்ணே”ன்னு சிரிச்சுட்டே போட்டாரு. முதல் பக்கத்தைக்கூடத் திருப்பலை. பதினேழைப் பாருங்கன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கிட்டேன். படிக்கறது அவரு வேலை. படிச்சிருந்தா பொழைச்சிருப்பாரு.

மூணு வாரம் கழிச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்க. புதன்கிழமை பதினொரு மணிக்கு, வெளியாளுங்க முன்னால, கொக்கியில அஞ்சு டன் கான்கிரீட் கட்டையைத் தொங்கவிட்டுக் காட்டறதுன்னு. அதுவரைக்கும் மூணு டன்னுக்கு மேல ஏத்தினதில்லை. ஜெபகுமாருக்கு ஒரு பழக்கம் உண்டுங்க. கட்டை தொங்கறப்பவே அதோட விளிம்புக்கு அடியில போய் நின்னு, அண்ணாந்து டார்ச் அடிச்சு, கொக்கியைச் சுத்தி விரிசல் விட்டிருக்குதான்னு பார்ப்பாரு. எத்தனையோ தாட்டி சொல்லியாச்சு. “ஆறு தாங்குறது அஞ்சு தாங்காதா அண்ணே”ன்னாரு இந்தத் தாட்டியும்.

செவ்வாய்க்கிழமை ஜர்னல்ல இருந்து புரூஃப் வந்துச்சு. அச்சுக்குப் போறதுக்கு முன்னால கடைசித் திருத்தத்துக்கு அனுப்பறது. ஒருக்காத்தான் வரும். திருப்பி அனுப்பிட்டா அப்புறம் நாம ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது. ரெண்டு நாள் டைம் குடுத்திருந்தாங்க. நான் அன்னிக்கே சாயங்காலம் நாலு நாப்பதுக்கு முடிச்சு அனுப்பிட்டேன்.

மறுநாளும் அவரு பைக்லதான் போனேன். முக்கால் மணி நேரம். ஒவ்வொரு சிக்னல்லயும் திரும்பித் திரும்பிப் பேசிட்டே வந்தாரு. அம்முவுக்கு ஸ்கூல்ல இடம் கிடைச்சிருச்சாம், லலிதா ராத்திரியே அதுக்கு யூனிஃபார்ம் போட்டுவிட்டுப் பார்த்துச்சாம். அவரு காது எனக்கு ஒரு சாண் தூரத்துல இருந்துச்சு. ஆனா ஹெல்மெட் போட்டிருந்தாருங்களே, சொன்னாலும் கேட்டிருக்காது. வழியில நிறுத்தி அவல் போஹா சாப்பிட்டோம். அப்ப ஹெல்மெட் இல்லையேன்னுதானே பார்க்கறீங்க. சாப்பிடற எடத்துல எதுக்கு இதையெல்லாம் பேசிட்டுன்னு விட்டுட்டேன்.

பதினொண்ணு பத்துக்குச் சத்தம் கேட்டுச்சு. நான் மாடியில என் மேஜையில இருந்தேன். தம்ளர்ல தண்ணி ஆடுச்சு. அது அடங்கற வரைக்கும் பார்த்துட்டே இருந்தேன்.

லலிதா வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு, “காலையில உங்ககூடத்தானே அண்ணே வந்தாங்க”ன்னு திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. எனக்கு அழுகையே வந்திருச்சு. நடிப்பில்லைங்க மேடம். ஒவ்வொரு நாளும் என்னைக் கூட்டிட்டுப் போன மனுஷன்.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்குதுங்க. கட்டுரை எழுதினவரு அச்சாகறதுக்குள்ள இறந்துட்டா, பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சிலுவைக் குறி போட்டு, பக்கத்தோட அடியில ‘காலமானார்’னு ஒரு வரி வரும். அன்னிக்கு மத்தியானம் லக்ஷ்மிநாராயணன் சார் ஜர்னலுக்கு ஃபோன் பண்ணி, அதைச் சேர்க்க முடியுமான்னு கெஞ்சியிருக்காரு. அதுதான் நேத்தே வந்திருச்சேன்னாங்களாம். அந்தப் புரூஃப் காகிதத்தைத்தானே கையில வெச்சிருக்கீங்க.

ஆமாங்க மேடம். செவ்வாய்க்கிழமை நாலு நாப்பதுக்கு அந்தச் சிலுவையைப் போட்டது நான்தான். புதன்கிழமை பொழுது சாயற வரைக்கும் காத்திருந்திருக்கலாமேங்கறீங்க. கடைசி நேரம் வரைக்கும் எதையும் இழுத்துக்கிட்டுப் போறது எனக்குப் பழக்கமில்லை. அவரு பேரு தப்பா அச்சாகிறக் கூடாதுங்கற ஒரே எண்ணம்தானுங்க எனக்கு.