பவர் மீட்டரும் பால் கேனும்

பாகூர்ப் பக்கம் ஒரு பால் சொசைட்டி. பால் ஊற்றும் காலை வரிசையில் எனக்கு முன்னால் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு தம்பி, அவருக்கு முன்னால் ஒரு அக்கா; மூவர் கையிலும் பால் கேன்.

"நீச்சல், சைக்கிள், ஓட்டம்னு மூணும் சேர்ந்த போட்டிக்குப் போறேன்க்கா. எவ்ளோ பலமா மிதிக்கிறேன்னு காட்டுற பவர் மீட்டர் வாங்கலாமான்னு பாக்குறேன்."

"இப்ப எப்பிடி மிதிக்கிற?"

"எங்க ஊர்ல நான்தான்க்கா பலமா மிதிக்கிறேன்."

"அப்ப வாங்காதபா."

"ஏன்க்கா?"

"எங்க ஊர் சொசைட்டில பால் சோதிக்கிற மெஷின் வர்ற வரைக்கும் எங்க வூட்டுப் பாலுதான் ஊர்லயே கெட்டி. மெஷின் மொத நாளே தண்ணின்னு காட்டிடுச்சு."

"அப்புறம் இன்னா பண்ணீங்க?"

"மெஷின் இல்லாத சொசைட்டியா பாத்து இங்க வந்துட்டேன். நீ இன்னாத்துக்கு உங்க ஊர வுட்டுட்டு இங்க நிக்கிற?"

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றித் தன் கேன்மேல் கவிழ்த்தார். நான் என் கேனைக் காலுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தேன்.