கலா சேவ் பண்ணின பழைய ஃபைல்

திருவொற்றியூரில் ஏறிய பஸ் தண்டையார்பேட்டையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. ஜன்னலோரம் கிடைத்ததில் எனக்குக் கொள்ளை சந்தோஷம், எவ்வளவு நேரம் நின்றால் என்ன. முன் சீட்டில் துறைமுக ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள்.

“யக்கா, நேத்து சாயங்காலம் போன வாரக் கப்பலோட கண்டெய்னர் பெட்டி லிஸ்ட் ஃபைலை சும்மா தொறந்து பாத்தேன். மூடசொல்ல சேவ் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்,” என்றாள் சின்னவள்.

பெரியவள் வெடுக்கென்று திரும்பினாள். “அடிப்பாவி கலா. தட்டுனா லிஸ்ட்டு தானா தொறக்கட்டும்னு நான் எழுதி வெச்ச பேட்ச் ஃபைல் கப்பல் பேரயா பாக்கும்? கடைசியா எத சேவ் பண்ணாங்களோ, அதத்தான் தொறக்கும்.”

“அப்ப இன்னிக்கு?”

“பழசுதான் வரும். ஆபீஸ்ல குமாரும் ஹார்பர் கேட்டுல கீறவங்களும் அதையே பிரிண்ட் எடுத்து லாரிக்காரங்களாண்ட குடுத்துருவாங்க. வேற பெட்டிங்க கப்பல் ஏறிடும். அப்பறம் நம்ம ரெண்டு பேருக்கும் வேல கீதா?”

கலாவின் கண் கலங்கிவிட்டது. பெரியவள் செல்போனை எடுத்தாள்.

“குமாரு, பிரிண்ட் எடுத்துட்டியா? இன்னும் இல்லியா? நல்லது, கைய எடு. நேத்து மத்தியானம் நான் அடிச்ச ஃபைலைத் தொற. கடைசில ஒரு புள்ளி வெச்சு சேவ் பண்ணு. இப்ப என் பேட்ச் ஃபைலைத் தட்டு. இன்னா கப்பல் வருது?”

பூக்கூடையோடு நின்ற அம்மாள்கூட குனிந்து காது கொடுத்தாள்.

“இன்னிக்குக் கப்பலா? சரி, பிரிண்ட் எடு.” போனை மடியில் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இனிமே நான் எதையும் சேவ் பண்ண மாட்டேங்க்கா.”

“பண்ணலன்னா நாளிக்கு அது இன்னாத்தடி தொறக்கும்?”