கீத் ட்ரெலோர் ஆற்றில் இறங்கியது பற்றி

என் பெயர் ஒனோரா டெவிட். காலஞ்சென்ற பிரான்சிஸ் டெவிட்டின் மனைவி. வயது எண்பத்தொன்று. மர்ரி ஆற்றின் வடகரையில், நியூ சவுத் வேல்ஸ் பக்கம், எங்கள் பண்ணையில் தனியாக வசிக்கிறேன். எனக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆகவே கீத் ட்ரெலோர் எங்கே நின்று சுட்டார் என்பதை நான் பார்த்திருக்க முடியாது என்று ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. இரண்டு கண்ணிலும் புரை நீக்கியாயிற்று. நன்றாகத் தெரிகிறது.

கீத் எதிர்க்கரையில், விக்டோரியா மாநிலத்தில், செம்மறியாடு வளர்ப்பவர். அவருடைய துப்பாக்கி உரிமம் அந்த மாநிலம் கொடுத்தது. என் கணவர் இறந்தபின் அவருடைய துப்பாக்கியைச் சட்டப்படி நானே இந்தக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். வேறு துப்பாக்கி என்னிடம் இல்லை.

சென்ற மாதம் ஒரு காலையில் என் கணவரின் குதிரை ஆற்றில் இறங்கியது. அதன் பெயர் பிஷப். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த என்னைச் சீண்டுவதற்காகவே அவர் அந்தப் பெயரை வைத்தார். வறட்சியில் தண்ணீர் குறைந்திருந்ததால் அது எதிர்க்கரை ஓரம் வரை நடந்துபோய், சேற்றில் புதைந்து, மூழ்கிக் கிடந்த மரத்தில் முன்கால் சிக்கி முறிந்து விழுந்தது. கால்நடை மருத்துவரை அழைத்தேன். மாலைக்கு முன் வர இயலாது என்றார். அதன் பிறகு கீத்தை அழைத்தேன். அவர் துப்பாக்கியோடு தம் கரைக்கு வந்தார். நான் என் கரையில் நின்றேன். அங்கே ஆறு குறுகல், குரல் எட்டும்.

"கால் போச்சு, மிஸஸ் டெவிட். நீங்க வீட்டுக்குள்ள போங்க," என்றார்.

நான் போகவில்லை. குதிரையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி நின்றேன். அது என் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தது. அதனால் கீத்துக்குப் பிடரிதான் தெரிந்தது. கரையிலிருந்து ஒரே குண்டில் முடியும் என்று சொல்ல முடியாது என்றார். தண்ணீரில் இறங்கி முன்பக்கம் வரச் சொன்னது நான்.

"பாதி ஆறு வரைக்கும் எங்க மாநிலம்தானே? பிஷப்பைச் சுட்ட பாவம் ஒண்ணே போதும் எனக்கு, எல்லை தாண்டின குற்றமும் வேணாம்," என்றார்.

ஆறு முழுவதும், அவர் கரையின் விளிம்பு வரை, எங்கள் மாநிலத்தைச் சேர்ந்தது. பள்ளியிலேயே படித்திருக்கிறேன். யார் தப்பாகப் பேசினாலும் திருத்திவிடுகிறவள் என்று எனக்கு ஊரில் பெயர் உண்டு. அன்று திருத்தவில்லை. "வாங்க," என்று மட்டும் சொன்னேன்.

அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, தொப்பியைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, ஒருமுறை சுட்டார். அதன் பிறகு, குதிரை இறந்துவிட்டது தெரிந்தும், அதன் தலை தண்ணீரில் அமிழ்ந்துவிடாமல் வெகுநேரம் கையில் தாங்கிக்கொண்டிருந்தார்.

படகில் போன யாரோ அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். அதில் அவர் இடுப்புக்கு மேல்தான் தெரிகிறதாம், எங்கே நின்றார் என்பது தெரியவில்லையாம். ஆற்றுக்குள் அவருடைய விக்டோரியா உரிமம் செல்லாது என்று சொல்லி, போலீசார் விசாரணை முடியும்வரை உரிமத்தை நிறுத்தி, துப்பாக்கியையும் எடுத்துப் போய்விட்டார்கள். இது ஆடுகள் குட்டி போடும் காலம். நரிகள் இரவுதோறும் குட்டிகளைத் தூக்குகின்றன.

நேற்று அவருடைய மனைவி ஜேன் வந்தாள். "கண்ணு தெரியலைன்னு சொல்லிட்டுப் போங்களேன், மிஸஸ் டெவிட். யாருக்கு நஷ்டம்?" என்றாள்.

"பொய் வேணாம், ஜேன். நடந்ததைச் சொன்னாலே அவர் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சிடும்," என்றேன்.

"உங்க உண்மையை வேலியில கட்டி வைக்கிறேன். நரி பயந்து ஓடட்டும்," என்று சொல்லிவிட்டு, தேநீரைத் தொடாமல் போய்விட்டாள்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை சார்ஜெண்ட் எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னேன், திருத்தினார். இதில் உள்ளவை நடந்தவையே. நான் எதையும் கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. எல்லை எது என்று தெரிந்திருந்தவள் நான், அவர் அல்ல. குற்றம் சாட்டுவதானால் என்மீது சாட்டலாம்.

கீத் ட்ரெலோரின் உரிமம் திருப்பித் தரப்படுமா என்பதை அவருக்கும் எனக்கும் எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் சொல்ல வேண்டாம்.

(ஒப்பம்)
ஒனோரா டெவிட்