நாளுக்கு மூன்று டம்ளர்

உருளைக்கிழங்கை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் ருசி போய்விடும் என்பார்கள். கொஞ்சம் தனியாவை வறுத்துப் பொடித்துத் தூவினால் போகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு, கிழங்கிலிருக்கும் பொட்டாசியம் வடிய, நான் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன்.

வேலூரில் டயட்டீஷியனாக இருந்தபோது மாணிக்கவேல் என் வார்டில் படுத்திருந்தார். ஆரணியில் பட்டு நெய்பவர். உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு, "இன்னா டீச்சர், மழத்தண்ணிய சுட வெச்சிகினு வந்தீங்களா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை மணந்தேன். ஆறு மாதம் தாங்குவார் என்றார் டாக்டர். அது எண்பத்திரண்டில். நான் மூன்று வருடம் வைத்திருந்தேன்.

நாளுக்கு மூன்று டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான். ஒருநாள் தறியின் பாவு நூலுக்குப் போட வைத்திருந்த கஞ்சியைத் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டார். அம்மிக் குழவியால் அவருடைய வலது கை விரல்களை நசுக்கினேன். கட்டுப் போட்டதும் நானே. பிறகு அவரால் செம்பு தூக்க முடியவில்லை. கால் வீக்கம் வடிந்தது. நெசவு போனது. உயிர் இருந்ததே.

இந்த ஆடியில் அவருடைய அக்கா பூங்காவனம், கோயிலில் வார்த்த கூழைச் செம்பு நிறையக் கொண்டுவந்தார்.

"வேணாம் அண்ணி, குடிச்சா அவருக்கு மூச்சு முட்டும்," என்றேன்.

"ஆத்தா கூழு குடிச்சி எவன்டி செத்தான்? புருசன வெச்சிகினு குடித்தனம் பண்றியா, வெள்ளெலி வளக்கிறியா?"

மாணிக்கவேல் சிரித்தார். மூன்று வருடத்தில் முதல்முறை. அக்கா செம்பைப் பிடித்துக்கொள்ள, சிரிப்பு அடங்காமலே முழுவதையும் குடித்தார்.

காய் நிறுக்கும் இரண்டு கிலோ படிக்கல் பக்கத்தில் இருந்தது. அண்ணியின் நெற்றியில் மூன்று முறை அடித்தேன். மூன்றாவது தேவைப்பட்டிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

குடித்ததை வெளியே எடுக்க வேண்டுமே. அவர் மார்பில் முழங்காலை ஊன்றி, கரண்டிக் காம்பைத் தொண்டைக்குள் விட்டேன். பல்லை இறுகக் கடித்தார். இரண்டு பற்கள் உடைந்தன. "லீலா, உட்டுடு," என்றார். கூழ் வந்தது. பிறகு ரத்தம் வந்தது. ரத்தம் நின்றபோது மூச்சும் நின்றிருந்தது.

அவரைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு கிலோ. அன்று காலை நான் எழுதி வைத்திருந்த அதே எடை. கூடவில்லை.

இருவரையும் கொன்றது நான்தான். மறைக்கவில்லை. ஆனால் அவர் சிறுநீரகம் கெட்டுச் சாகவில்லை, ஐயா. அதை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.