ஒரு பதினைந்தா, நான்கு பத்தா

பேஸ் கிட்டாருக்கு ஸ்பீக்கர் பெட்டி வாங்குவது பெண் பார்ப்பதை விடச் சிரமமான காரியம், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் இரண்டையும் செய்து பார்த்தவன். பெண் விஷயத்தை அம்மா இருந்தவரை இழுத்தடித்தேன். அவர் போன பிறகு ஏன் என்று கேட்க ஆளில்லை. பெட்டி விஷயத்தை மூன்று வருடம் இழுத்தடித்தேன். நீங்கள் கேட்பது அந்த மூன்று வருடத்தைப் பற்றி என்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

சண்முகரத்தினம் என் பெயர். பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். அண்ணன் லண்டனில், அக்கா மெல்பர்னில். பகலில் அரசாங்க குமாஸ்தா. சனிக்கிழமை இரவுகளில் கல்யாண விருந்துகளுக்குப் போகும் ஓர் இசைக்குழுவில் பேஸ் வாசித்தேன்.

பேஸ் வாசிப்பவன் நிலைமை உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. கறிவேப்பிலைக் கதைதான். இல்லாவிட்டால் ருசிக்காது, இலையில் விழுந்தால் ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். கச்சேரி முடிந்ததும் பாடகியிடம் வருவார்கள், டிரம்ஸ் வாசித்தவனின் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். என்னிடமும் ஒருமுறை, பந்திங் ஊரில் ஒரு கல்யாணத்தில், ஒரு அம்மா வந்தார். என் கிட்டாரில் நான்கு கம்பிதான் இருக்கிறதே, மற்ற இரண்டும் அறுந்துவிட்டனவா என்று கேட்டார். பாவம், அக்கறையாகத்தான் கேட்டார்.

சபாபதி எங்கள் குழுவுக்கு ஒலி பார்க்க வந்த பையன். செந்தூலில் ரயில்வே பட்டறைத் தொழிலாளியின் மகன். பெற்றோர் இல்லை, ஒரே அக்கா தனலெட்சுமி. பகலில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை செய்தான். கிள்ளானில் ஒரு கல்யாணம் முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சொன்னான்:

“அண்ணே, ரெண்டாவது பாட்டுல எல்லாரும் கீழ இறங்குற எடத்துல நீங்க மட்டும் மேலயே நின்னீங்க. ரொம்ப நல்லா இருந்துச்சிலா.”

அத்தனை வருடத்தில், நான் வாசித்தது இன்னது என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

புதிதாக ஒரு ஆம்பிளிஃபயரும் பெட்டியும் வாங்க வேண்டும், கூட வந்து கேட்டுச் சொல் என்று அவனை அழைத்தேன். டவுனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே, தெரிந்தவர் என்பதால், சனிக்கிழமை பெட்டியைக் கொடுத்துத் திங்கட்கிழமை திரும்ப வாங்கிக்கொள்வார். ஞாயிறு மதியம் என் முன்னறையில் பரீட்சை நடக்கும். பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள பெட்டியில் ஒலி அகலமாக வரும், வயிற்றில் வந்து உட்காரும். பத்து அங்குலத்தில் நான்கு உள்ள பெட்டியில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெரியும், ஆனால் சூடு குறைவு. பின்பக்கம் முழுக்க மூடிய பெட்டி அளந்து பேசும். துளை விட்ட பெட்டி அதிகமாகப் பேசும், மண்டபத்து மூலையில் வைத்தால் உளறும். ஆம்பிளிஃபயரின் சக்திக்கும் பெட்டிக்கும் பொருத்தம் வேறு பார்க்க வேண்டும். “பொருத்தம் பாக்காம கட்டி வச்சா சூடாகிப் புகைஞ்சிடும்ண்ணே, வீட்டுல நடக்குற மாதிரிதான்” என்பான் சபாபதி. இதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ்வளவு நல்ல காது.

ஒப்பிடுவது நியாயமாக இருக்க வேண்டுமானால் கேட்பவர் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். தரையில் சாக்பீஸால் குறி போட்டு நாற்காலியை அங்கே வைத்தேன். அவன் கண்ணை மூடிக் கேட்பான், நான் வாசிப்பேன். பிறகு மீன் குழம்பு. சாப்பிட்டுவிட்டுச் சிமெண்டுத் தரையில் படுத்து, கடையில் நடந்த கதையெல்லாம் சொல்வான். பொழுது சாய்ந்து அவன் பஸ் ஏறிய பிறகு, அந்த வீட்டில் மறுபடி ஒரு பேச்சுக் குரல் கேட்க அடுத்த ஞாயிறு வர வேண்டும்.

முதல் மாதத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. மூடிய பெட்டி, பதினைந்து அங்குலம். ஆனால் வாங்கிவிட்டால் அவன் வருவதற்கு என்ன காரணம் இருக்கிறது? நான் குறை கண்டுபிடித்தேன். இது கனம், அது இரைகிறது, இன்னொன்று கேட்டுப் பார்க்கலாமே என்றேன். அவனும் சலிக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, சாப்பிடும்போது சொன்னான்.

“அண்ணே, சிங்கப்பூர்ல ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோல ஆள் எடுக்குறாங்க. தீபாவளி கழிச்சி காது டெஸ்ட் வைப்பாங்களாம். நான் பாஸ் பண்ணிடுவேன்லா.”

“நிச்சயமா பாஸ் பண்ணிடுவே” என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

அடுத்த வாரம் தவுக்கேயிடமிருந்து வேறொரு பெட்டி எடுத்து வந்தேன். கீழே பத்து அங்குல ஸ்பீக்கர்கள், மேலே கீச்சு ஒலிக்கென்று, ஊதுகுழல் வாய் போல விரிந்த ஓர் உலோகக் கொம்பு. வெளிநாட்டில் இப்போது பேஸ் கம்பியைச் சுண்டி வாசிக்கிறார்கள், அந்தக் கூர்மைக்குக் கொம்பு வேண்டும் என்று சபாபதியிடம் சொன்னேன். அதில் பொய் இல்லை. தடித்த ஒலி காதை அவ்வளவாகக் கெடுக்காது, ஐயா. கெடுப்பது கீச்சு ஒலிதான், அது வருவது கொம்பிலிருந்து. பெட்டியை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றினேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கொம்பின் வாய் அவன் காதுக்கு நேராக வந்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் அலுவலகத்தின் வேலையே தொழிற்சாலைப் பாதுகாப்பு. தகரம் அடிக்கும் ஆலைகளுக்கும் நெசவாலைகளுக்கும் போகும் எச்சரிக்கைத் தாள்களைத் தட்டச்சு செய்தது நான். இரைச்சலில் போகும் காது வலிக்காமல் போகும், போனது திரும்பி வராது என்று எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன். ஆலைகளில் காட்டுவதற்கு அலுவலகத்தில் ரப்பர் காதடைப்பான்கள் வைத்திருந்தார்கள். ஒரு ஜோடியை எடுத்து வந்து நான் போட்டுக்கொண்டேன். இந்தக் காலத்தில் எல்லோரையும் போல எனக்கும் காதை மூடும் முடி. அவனுக்குத் தெரியவில்லை.

“அண்ணே, காதுல விசில் அடிச்சிக்கிட்டே இருக்கு” என்றான் ஒருநாள்.

“சூடா இருக்கும். தலைக்கு நல்லெண்ணெய் வச்சிக் குளி.”

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். சில வாரங்களில் அவனே கேட்க ஆரம்பித்தான்: “கீச்சு பத்தலண்ணே, கொஞ்சம் கூட்டுங்க.” நான் கூட்டினேன். கேட்டது அவன், ஐயா. நான் வற்புறுத்தவில்லை. சனிக்கிழமை விருந்துகளிலும் அவன் கூட்டி வைத்த ஒலிக்கு விருந்தாளிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். குழுவில் அவனைக் கேலி செய்தார்கள். நான் அவனுக்காகச் சண்டை போட்டேன்.

சிங்கப்பூர் போய்விட்டு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான்.

“அவங்க எதையோ போட்டுக் கேக்குதான்னு கேக்குறாங்கண்ணே. எனக்கு ஒண்ணுமே கேக்கல. மெஷின் ரிப்பேர்னு நெனச்சேன்.”

அழுதான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு மனம் நிறைந்திருந்தது. அடுத்த ஞாயிறு அவன் வருவான்.

அத்தோடு ஏன் நிறுத்தவில்லை என்று தனலெட்சுமியும் கேட்கக்கூடும். சிங்கப்பூர் இல்லாவிட்டால் இன்னோர் ஊர். இளம்பிள்ளை, ஆசை யாரை விட்டது? பாதியில் நிறுத்தினால் அவன் பட்ட சிரமமெல்லாம் வீண் அல்லவா? பரீட்சைகள் தொடர்ந்தன. ஒரு வருடத்தில் அவனுக்குப் பேச்சின் ஓரங்கள் தேய்ந்துபோயின. ஆள் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்று தெரியாது. குழுவிலும் ரிப்பேர் கடையிலும் வேண்டாம் என்றார்கள். தனலெட்சுமி வந்து ரவாங்கில் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். அதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஞாயிறு வழக்கம்போல இரண்டு பேருக்குக் குழம்பு வைத்துவிட்டு, அடுப்படியிலேயே நெடுநேரம் நின்றேன்.

அப்போதுதான் பெட்டி வாங்கினேன். மூடிய பெட்டி, பதினைந்து அங்குலம். ஒரு லோரி பிடித்து ரவாங்குக்குக் கொண்டுபோனேன். அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். அக்கம்பக்கத்தில் யாரோடும் பழகவில்லை, பழக வழியும் இல்லை. நான் வாசித்தேன். அவன் முகம் நிமிர்ந்தது. எழுந்து வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

“கேக்குதுண்ணே. நல்லா கேக்குது.”

தடித்த ஒலி அவனுக்குப் போகவில்லை. அக்காவின் குரல் கலங்கியது, ரேடியோப் பாட்டு கலங்கியது. உலகத்தில் அவனுக்கு ஒழுங்காகக் கேட்பது என் பேஸ் ஒன்றுதான். என்னைக் கேட்க ஒரு ஆள், அவனுக்குக் கேட்க ஒரு ஒலி. இதைப் பார்த்துத் தனலெட்சுமியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் வந்து போங்கள் அண்ணே என்றாள். பிறகு டாக்டர், இது நோய் இல்லை, இரைச்சல் என்று சொல்லியிருக்கிறார். அவள் யோசித்துப் பார்த்து உங்களிடம் வந்திருக்கிறாள். புத்திசாலிப் பெண்.

அவள் சொன்னது சரி. சபாபதியின் காதைக் கெடுத்தவன் நான்தான். தெரிந்தே, வாரம் தவறாமல், என் கையால் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே செய்தேன்.

ஆனால் இதை முதலில் உங்களிடம் சொல்வதாக நினைக்க வேண்டாம். போன மாதம், தனலெட்சுமி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தபோது, அவனிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொம்பு, ஸ்டூல், காதடைப்பான், எதையும் மறைக்கவில்லை. என் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அவன் என் முகத்தையே பார்த்தபடி, ஒரு வார்த்தை குறுக்கிடாமல், கடைசிவரை உட்கார்ந்திருந்தான். நான் முடித்ததும் சிரித்தான்.

“சரிண்ணே” என்றான். “வாசிங்க.”

ஆகவே நீங்கள் எழுத வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன் என்னை மன்னித்துவிட்டான், ஐயா. என் காதாலேயே கேட்டேன்.