அலெக்ஸாண்டர் அண்ணை எழுதாத வரி

மேடையிலுள்ள பெரியோர்களே, அண்ணையின் துணைவி பேர்ணடெற் அக்கா அவர்களே, இந்தப் பனிக்குள்ளும் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்த அன்பர்களே, வணக்கம்.

போன கிழமை நாங்கள் இழந்த திரு. அமிர்தநாதர் அலெக்ஸாண்டர், பிறம்ரனில் ஒரு லொறிக் கம்பனியில் என்னோடு புரோகிராம் எழுதியவர். எங்களில் முதலில் ஜாவா என்ற புரோகிராம் மொழியைக் கையிலெடுத்தவர். அவர் எழுதிய இன்ரர்ஃபேஸில் மூன்று மெதட்டுகள், அதாவது மூன்று கட்டளைகள்தான் இருந்தன: ஏற்று, இறக்கு, எங்கே நிற்கிறாய் என்று சொல். எந்த லொறியானாலும் இந்த மூன்றையும் செய்யும் என்று கொடுக்கும் வாக்குத்தான் அந்த இன்ரர்ஃபேஸ்.

‘குளிராக்கு’ என்பதையும் அதில் சேர்க்கச் சொன்னார் மனேஜர். மீன் கொண்டுபோகும் லொறிகளுக்கு அது தேவை. அண்ணை மறுத்தார். குளிர் லொறிகளுக்குத் தனி இன்ரர்ஃபேஸ் எழுதித் தருகிறேன் என்றார். அதற்கு நேரமில்லை என்றார்கள். எங்களோடு வேலை செய்த வாகீசன் இங்கே இருக்கிறார். அவர்தான் பகிடியாகக் கேட்டார்: “ஒரு வரிதானே அண்ணை, அதுக்கேன் உங்கட காணியை எழுதிக் கேட்ட மாதிரி நிக்கிறியள்?”

அண்ணையும் சிரித்தார். பிறகு சொன்னார்: “தம்பி, சாதாரண லொறியால குளிராக்க ஏலாது. உதைச் சேர்த்தா அதுவும் ஓம் எண்டுதான் சொல்லும். பிறகு ஆர் அதைக் கண்டுபிடிக்கிறது?”

நாங்கள் ஒருவராவது கண்டுபிடித்தோமா?

அவர் இருதய ஒப்பரேசனுக்குப் படுத்திருந்தபோது அந்த வரி சேர்ந்தது. சேர்த்ததும், எல்லா லொறிக்கும் அதை எழுதினால்தான் புரோகிராம் ஓடும் என்றாகிவிட்டது. சாதாரண லொறிக்கு என்ன எழுதுவது? இரண்டு அடைப்புக்குறிகளைப் போட்டு, நடுவில் ஒன்றும் எழுதாமல் விட்டார்கள்; கட்டளையை ஏற்கும், ஒன்றும் செய்யாது. யூலை வெயிலில் புரோகிராம் மீனைச் சாதாரண லொறியில் ஏற்றிவிட்டது. குளிராக்கு என்றது. பிழை எதுவும் காட்டவில்லை. மீன் முழுவதும் அழுகியது.

கோப்பின் தலையில் யாருடைய பெயர் இருந்தது? அலெக்ஸாண்டர். வேலை யாருக்குப் போனது? அலெக்ஸாண்டருக்கு! தையல் ஆறுமுன்னரே போன் எடுத்து நிற்பாட்டினார்கள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “பிள்ளை, உதில இருந்து என்ர பேரை எடுக்கச் சொல்லுவியோ?”

கேட்டேன். மனேஜரிடமும் கேட்டேன், அவருக்கு மேலுள்ளவரிடமும் கேட்டேன். பெயர் இருந்தால் என்ன என்றார்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. கீழே அவர் எழுதாத வரியும் இருக்கிறது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது வழக்கம். நான் எதை உறுதி சொல்ல? அவருடைய பணியில் பாதி, வேண்டாம் என்று சொல்வது. இந்தக் கிழமை அதே இன்ரர்ஃபேஸில் இன்னொரு வரி சேர்க்க என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எல்லா லொறியாலும் முடியுமா என்று கேட்பேன். முடியாதென்றால் எழுதமாட்டேன். வேறொருவர் எழுதுவார், அதுவும் தெரியும்.

அக்கா, அந்தப் பிழை அவருடையது அல்ல. கம்பனியில் ஒருவரும் இதை வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை. அதனால் இத்தனை பேர் முன்னால் நான் சொல்கிறேன். திங்கட்கிழமை போய், அவர் பெயரை எடுக்கச் சொல்லித் திரும்பவும் கேட்பேன். எடுப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை.