அடுப்படியில் முளைத்த காளான்

— பாத்து, பாத்து! மிதிச்சிடாதீங்க சார். மொட்டு மொட்டா எப்படி நிக்குது பாருங்க. முந்தாநாள் மழைக்கு வந்தது.

— இராஜாங்கம், நான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். நிலத்தைப் பாக்க வந்திருக்கேன், காளானைப் பாக்க இல்ல. இந்த அம்மா வீடு இருந்துச்சுன்னு மனு கொடுத்த இடம் இதுதானே?

— இதுதாங்க ஆபீசரய்யா. நீங்க இப்ப நிக்கிறது எங்க வீட்டு வாசலு.

— வாசலாம்! கேளுங்க சார், இது பண்ணையோட மூங்கில் கொல்லை. பண்ணையாரோட பாட்டன் காலத்துலேர்ந்து மூங்கில் கொல்லை. நான் காரியஸ்தனா இருக்கற முப்பது வருசத்துல இங்க நரிதான் குடியிருந்துச்சு. ஏன்டி காளியம்மா, நரிக்கா வாக்கப்பட்ட நீ?

— இந்த ‘டீ’யெல்லாம் என் முன்னாடி வேண்டாம். மரியாதையா பேசுங்க.

— வாய்ப் பழக்கம் சார். முன்னெல்லாம் ‘ஆண்டே’ன்னு கையைக் கட்டிக்கிட்டு நிக்குங்க. செங்கொடி வந்ததுலேர்ந்து ‘அய்யா’ன்னுதான் வாயில வருது. நாங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்.

— நீங்க சொல்லுங்கம்மா.

— என்னத்தைச் சொல்றதுங்க. பதினெட்டு வருசம் இங்க குடியிருந்தோம். மூணு புள்ளையும் இங்கதான் பெத்தேன். அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டாருன்னு எங்க வீட்டுக்காரரு வீரையனைப் புடிச்சுத் திருச்சி ஜெயில்ல போட்டுட்டாங்க. அவரு அங்க கிடக்கையில, இந்த ஆவணியில, இந்த அய்யா ஆளுங்களோட வந்தாரு. கூரையைப் பிரிச்சுப் போட்டு, சுவத்தைத் தள்ளி, அது மேலேயே ஏர் ஓட்டிட்டாருங்க. குடியிருக்கற மனை குடியிருக்கறவனுக்கே சொந்தம்னு சர்க்காரு சட்டம் போட்டதும்தான் அவங்களுக்கு ஏர் ஓட்டத் தோணிச்சு.

— சட்டம் நல்ல சட்டம் சார், நான் குறையே சொல்லல. ஆனா குடியிருந்தவனுக்குத்தானே மனை? கர்ணம் கணக்கைப் பாருங்க. மூங்கில் கொல்லைன்னுதான் எழுதியிருக்கும்.

— பாத்துட்டேன். அப்படித்தான் எழுதியிருக்கு. ஊர்ல யாராவது வந்து சாட்சி சொல்லுவாங்களாம்மா?

— துரைராசு அண்ணன் வரேன்னு நேத்து சொன்னாருங்க. காலையில போய்ப் பாத்தா வீட்டுல பூட்டு தொங்குது. பண்ணையில இறங்கி வேலை செஞ்சாத்தானே அவருக்கும் கஞ்சி?

— எழுத்துல ஏதாவது இருக்கா? ஒரு ரசீது, ஒரு நோட்டீசு?

— இருந்ததையெல்லாம் கூரையிலதாங்க சொருகி வச்சிருந்தேன். கூரையோட போச்சு.

— அப்ப நான் என்னம்மா எழுதறது? அஞ்சரை பஸ்ஸுக்கு நான் குடவாசல் போயாகணும். நாளைக்குத் தாசில்தார் மேசையில ரிப்போர்ட் இருக்கணும். ‘குடியிருப்பு இல்லை’ன்னு நான் எழுதிட்டா, அப்புறம் உங்க மனு செல்லாது. இந்த மண்ணுல உங்களுக்குப் பாத்தியதையே கிடையாது.

— மண்ணைத் தோண்டிப் பாருங்கய்யா. அடுப்புச் சாம்பல் இருக்கும், சட்டி ஓடு இருக்கும். எந்த எடம்னு நான் காட்டுறேன்.

— ஆங், காட்டுவா! கேளுங்க சார், நேத்து சாயந்தரம் இவளே கொண்டாந்து கொட்டி மூடியிருப்பா. இன்னைக்குத் தோண்டி எடுத்துக் காட்டுவா.

— அவர் சொல்றதும் ஒரு பேச்சுதாம்மா. நீங்க காட்டி நான் தோண்டினா நாளைக்குக் கோர்ட்ல நிக்காது.

— நான் காட்டினாத்தான் நிக்காதுங்களா?

— ஆமா.

— சரிங்க. என்னத்தைச் சொல்றது. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, இந்தக் காளானையாவது கொண்டுட்டுப் போங்க. அருமையான புத்துக்காளானு.

— என்னது? புத்துக்காளானா?

— வேண்டாம்மா. நான் நாகப்பட்டினத்துக்காரன். மீன்னா, கண்ணைப் பாத்தே இன்னைக்குப் புடிச்சதா நேத்துப் புடிச்சதான்னு சொல்லிடுவேன். காளான்ல நல்லது எது, விஷம் எதுன்னே இந்த அஹமது கபீருக்குத் தெரியாது.

— கேளுங்க சார், இவ பேச்சை நம்பி எதையும் வாயில வச்சிடாதீங்க. இதைப் போய் புத்துக்காளாங்கறா! புத்துக்காளானுக்குத் தண்டுக்குக் கீழ வேர் மாதிரி நீளமா ஒண்ணு எறங்கும். பூமிக்குள்ள கரையான் கூடு வரைக்கும் போகும். இந்தா, இதைப் புடுங்கிட்டேன். வேர் எங்க? காட்டச் சொல்லுங்க!

— அறுந்து போயிருக்குங்க.

— அறுந்து போச்சாம்! அடியைப் பாருங்க சார். முட்டை ஓடு உடைஞ்ச மாதிரி உறை இருக்கா? மேல சாம்பல் நிறமா? இப்ப குடையைத் திருப்புங்க. உள்ள மடிப்பு மடிப்பா ரோஸ் கலர்ல இருக்கு பாருங்க. இதே மாதிரி உறையிருந்து, மடிப்பு மட்டும் வெள்ளை வெளேர்னு இருந்தா தொடவே கூடாது, ஆளையே சாய்ச்சிடும். இது ரோஸ். இது அசல் வைக்கோல் காளான்!

— அடேயப்பா, நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்கீங்க.

— சும்மாவா சார்? மழை பேஞ்ச மறுநாள் எங்க வீட்டுல கறியே எடுக்க மாட்டோம். சின்ன வெங்காயமும் மிளகும் வதக்கிப் போட்டு ஒரு குழம்பு வப்பா எங்க வீட்டுல. இந்தப் பக்கத்துல காளானைப் பத்தி எவனுக்குச் சந்தேகம்னாலும் இராஜாங்கத்துக்கிட்டதான் வருவான்.

— அய்யாவுக்குத் திங்கத்தாங்க தெரியும். பொறுக்கறவ நானு. இது புத்துக்காளானேதான்.

— அடியே!

— இராஜாங்கம்!

— இல்ல சார், வயித்தெரிச்சலா இருக்கு சார்.

— நீங்க என்ன வேணா சொல்லிக்கங்கய்யா. பதினெட்டு வருசமா நான் கண்ணால பாக்கறேன். ஆபீசரய்யா, இந்தக் காளான் நிக்குது பாருங்க, இந்த எடம்தான் எங்க அடுப்படி. அடுப்பை ஒட்டினாப்பல வருசா வருசம் புத்துக்காளான் மொளைக்கும். சாம்பலை அள்ளிப் போட்டா இன்னும் நல்லா வரும்.

— சாம்பல்லயா? புத்துக்காளானா? சாம்பல் போட்டா வருமா?

— கூடை கூடையா வரும்.

— கேளுங்க சார் இந்த அநியாயத்தை! அடியே கூறுகெட்டவளே, சாம்பல் கொட்டற எடத்துல கரையானே அண்டாது. கரையான் இல்லாம புத்துக்காளான் எங்கேர்ந்துடி வரும்? உன் அடுப்படியா இது? உன் அடுப்பு அதோ, அந்த முருங்கை மரத்துக்குக் கிழக்கால இருந்துச்சு. இது உன் மாட்டுக் கொட்டாய்! இங்க உன் புருசன் வைக்கப்போர் போட்டிருந்தான். வைக்கோல் மக்கின எடத்துல வைக்கோல் காளான் மொளைக்காம பின்ன என்னடி மொளைக்கும்? நானே எத்தனை தடவை வந்து அந்தப் போர் அடியில குனிஞ்சு பொறுக்கியிருக்கேன். என்கிட்டயே வந்து புத்துக்காளாங்கறா!

— இராஜாங்கம்.

— சொல்லுங்க சார். இப்ப தெரிஞ்சுதா யாரு பேச்சு சரின்னு?

— தெரிஞ்சுது. காளான் விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி. இன்னொரு தடவை நிதானமா சொல்லுங்க, எழுதிக்கறேன். யாரோட மாட்டுக் கொட்டாய்?

— அது… வந்து…

— யாரோட புருஷன் வைக்கப்போர் போட்டிருந்தாரு?

— சார், வாய் தவறிப் போச்சு சார். காளானைப் பத்திப் பேசிக்கிட்டே வந்தேனா, அப்படியே…

— நரி வைக்கப்போர் போடாதுங்களே. அம்மா, நீங்க காட்டினா நிக்காதுன்னேன். இப்ப பண்ணைக் காரியஸ்தரே காட்டியிருக்காரு, முருங்கைக்குக் கிழக்கேன்னு. தோண்ட மண்வெட்டி ஏதாவது கிடைக்குமா?

— மண்வெட்டி எதுக்குங்க? மண்ணு ஈரமாத்தான் கிடக்கு, கையே போதும். இந்தா… பாருங்கய்யா, சாம்பல்! கீழ இன்னும் இருக்கு. இது எங்க அடுப்புக் கட்டி. கரி இன்னும் போகல பாருங்க! மூணு புள்ளைக்கும் இதுலதாங்க சோறு வடிச்சேன். அய்யோ, என் அடுப்பு! என் அடுப்பு கெடைச்சிடுச்சு!

— அழாதீங்கம்மா.

— அழலீங்க, சந்தோசம்! சிரிக்கத் தெரியாம இப்படி வருது!

— நான் வாசிக்கறேன், ரெண்டு பேரும் கேளுங்க. ‘மேற்படி இடத்தில் வீரையன் மனைவி காளியம்மாளின் வீடும் மாட்டுக் கொட்டகையும் இருந்ததைப் பண்ணைக் காரியஸ்தர் இராஜாங்கம் தாமாகவே ஒப்புக்கொண்டு, அடுப்பு இருந்த இடத்தையும் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் அடுப்பும் சாம்பலும் கிடைத்தன. மனையை மனுதாரர் பெயரில் பதியலாம்.’ இங்க கையெழுத்துப் போடுங்க.

— பண்ணையார் என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாரு சார்.

— போடலைன்னா, போட மறுத்தார்னு இன்னொரு வரி சேத்து எழுதுவேன். அவ்வளவுதான்.

— குடுங்க. போட்டுத் தொலைக்கறேன்.

— பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு விளங்கணும்மா. பதினெட்டு வருஷமா காளான் பொறுக்கறேங்கறீங்க. வைக்கோல் காளானுக்கும் புத்துக்காளானுக்கும் வித்தியாசம் தெரியாமயா இருந்தீங்க?

— தெரியாம என்னங்கய்யா? வீட்டைப் பத்தின்னா இவரு கூசாம பொய் சொல்லுவாரு. காளானைப் பத்தி எவ தப்பாச் சொன்னாலும் இவரால உண்மையைச் சொல்லாம இருக்க முடியாதுங்களே!